அலைவாங்கியில் வந்த குரல்

தாரணியின் காதிலிருந்து உட்செவிக் கருவியை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்ட மருத்துவர், அடுத்துச் சொன்னது எரிந்து விழுவதுபோல இருந்தது. தாரணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மருத்துவரின் முகத்தில் கோபம் ஏதும் இல்லை. புன்னகைதான் இருந்தது.

"ஏனுங்க டாக்டர், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

மருத்துவர் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். "அட, உங்களுக்கு இப்ப நேராக் கேக்குதில்லீங்களா? மன்னிச்சுக்குங்க. என்ற குரல் எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது." பிறகு ஈரத் தரையில் நடப்பவரைப்போல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பேசினார். "காதுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்குதுங்க. வருசக்கணக்கா கழட்டவே இல்லீங்கல்ல? ஒரு மாசத்துக்கு உட்செவி போடக் கூடாது. உள்ள காத்துப் படோணும்."

"ஒரு மாசமுங்களா? என்ற பையன் தெனமும் பேசுவானுங்களே."

"பேசறதுக்கு வேற ஏதாச்சும் வழி பாத்துக்குங்க."

உட்செவி ஒரு பயறளவே இருக்கும். காதுத் துளைக்குள் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தம் எதையும் நேராக உள்ளே விடாது. தானே வாங்கி, சீர்செய்து, பிறகுதான் தரும். பாட்டு, செய்தி, கைபேசி அழைப்பு எல்லாம் அதற்குள்ளேயே ஒலித்தன. ஆனால் நாடே அதைக் காதில் ஏற்றிக்கொண்டது பாட்டுக்காக அல்ல, இன்தொனிக்காக. எதிரில் இருப்பவர் எந்தக் குரலில் பேசினாலும், சொற்களைத் தொடாமல் தொனியை மட்டும் இன்தொனி இனிமையாக்கிக் கொடுத்தது. மேலதிகாரியின் அதட்டல் அக்கறையாகக் கேட்டது. மனைவியின் சலிப்பு கொஞ்சலாகக் கேட்டது. குடும்ப நீதிமன்றங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூட யாரும் உட்செவியைக் கழற்றுவதில்லை. காதுத் துளையோரம் அதன் கடுகளவு பச்சைப் புள்ளி தெரியாத மனிதரைத் தாரணி பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டது.

இப்போது அவள் காதில் அந்தப் புள்ளி இல்லை. மருத்துவமனை வாசலில் பேருந்து ஏறியபோது உள்ளே பெரிய சண்டை நடப்பதாக நினைத்து ஒதுங்கி நின்றாள். சண்டை இல்லை. எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடியே உறுமினார்கள். ஒரு பெரியவர் பேரனின் தலையைத் தடவிக்கொண்டே, கதவைத் தட்டி மிரட்டுகிறவரின் குரலில், "தூக்கம் வருதா சாமி?" என்று கேட்டார். கேட்கிறவர் காதில் எப்படியும் இனிப்பாகத்தான் விழப்போகிறது என்றான பிறகு, பேசுகிறவர்கள் தங்கள் குரலைக் கவனிப்பதை விட்டுவிட்டார்கள். சிலர் குரலில் ஒன்றுமே இல்லை, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோலப் பேசினார்கள். தாரணி கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, வீடு வரும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கோயம்புத்தூர் கணபதியில் உயரமான ஒரு குடியிருப்பில் அவள் தனியாக இருந்தாள். கணவன் கோகுல் இறந்தபின் அந்த வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு விசேஷம்தான் உண்டு. சாயங்காலம் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து மகன் செழியன் பேசுவான். அவன் இன்தொனி நிறுவனத்திலேயே வேலை பார்த்தான். "ஆபீஸ்ல என்ன கண்ணு வேலை?" என்று கேட்டால், "சும்மா கேட்டுட்டு உக்காந்திருப்பேம்மா" என்பான். பாட்டுக் கேட்கிற வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அவன் குரல் எப்போதும் இளகி, லேசாகச் சிணுங்கி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப்போல இருக்கும். அதைக் கேட்டுவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்கும்.

உட்செவி இல்லாமல் அழைப்பை எப்படிக் கேட்பது? கைபேசிகளில் ஒலிபெருக்கி வைப்பதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. அவள் டவுன்ஹால் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் யூசுப்பின் கடைக்குப் போனாள். அவர் அவள் காதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக் கனைத்துக்கொண்டார்.

"வெறுங்காதோட வந்திருக்கீங்களேம்மா. கேக்கறதுக்குக் கஷ்டமா இருந்தாச் சொல்லுங்க, எழுதிக் காட்டறேன்."

"வேண்டாமுங்க, பேசுங்க. கைபேசியில பேசறது எனக்குக் கேக்கோணும். அதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா?"

"வீட்ல பழைய பாட்டுப்பெட்டி இருக்குதுங்களா? ஸ்டீரியோ?"

இருந்தது. கோகுல் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு ஒலிபெருக்கிகள். உட்செவி வந்தபிறகு அதன்மேல் ஒரு விரிப்புப் போட்டுப் பூச்சாடி வைத்திருந்தாள்.

யூசுப் அலமாரியில் துழாவி, சோப்புக் கட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர்கள் தொங்கின. "இது அலைவாங்கிங்க. எங்கப்பா காலத்துல புளூடூத்னு சொல்வாங்க. இந்த ரெண்டு ஒயரையும் ஸ்டீரியோவுக்குப் பின்னாடி அதே கலர்ல இருக்கற ஓட்டையில சொருகிடுங்க. முன்னாடி திருகுல ஆக்ஸ்னு இருக்கும், அதுல வெச்சுருங்க. நீல லைட்டு மினுக்கிட்டே இருந்தா கைபேசியத் தேடுதுன்னு அர்த்தம். மினுக்காம நின்னுட்டா சேந்துருச்சு. நீங்க பேசறத எப்பவும்போலக் கைபேசியே வாங்கிக்கும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்." காசை வாங்கிக்கொண்டவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்கம்மா. இன்தொனி உட்செவிக்குள்ளதான் இருக்குது. இந்தப் பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. அங்கிருந்து என்ன வருதோ அப்படியே குடுக்கும்."

தாரணிக்கு அந்தப் பேச்சு பெரிதாக மனதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூச்சாடியை இறக்கி, விரிப்பை உதறினாள். ஸ்டீரியோவை முன்னால் நகர்த்துவதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒட்டடையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் துளைகளின் நிறமே தெரியவில்லை. புடவைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் தேய்த்ததும் சிவப்புத் தெரிந்தது. ஒயர்களைச் செருகி மின்சாரத்தைப் போட்டாள். இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரு பெரிய உறுமல் எழுந்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதறிப்போய்த் திருகைக் குறைத்தாள். கோகுல் கடைசியாக வைத்த சத்தத்திலேயே அது இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. நீல விளக்கு மினுக்கிற்று, மினுக்கிற்று, பிறகு நின்றது. உறுமல் மெல்லிய இரைச்சலாகத் தேய்ந்தது. வீட்டுக்குள் தலைக்கு வெளியே ஒரு சத்தம் இருப்பது அவளுக்கு விருந்தாளி வந்ததுபோல இருந்தது. நாற்காலியை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தாள்.

அழைப்பு வந்தது.

"அம்மா."

யாரோ ஒரு வயதான ஆண். தவறான அழைப்பு என்று நினைத்தாள். "யாருங்க பேசறது?"

"நான்தாம்மா. செழியன்."

வறண்ட குரல். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் அடுத்த சொல்லைத் தூக்குவதற்கு அவன் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

"ஏங்கண்ணு, குரல் ஒரு மாதிரி இருக்குது? சளி புடிச்சிருக்கா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"சாப்டியா?"

"சாப்டணும்." இரைச்சல் மட்டும் ஓடியது. "முடியலம்மா."

அவன் தினமும் சொல்கிற சொல்தான் அது. எவ்வளவோ நாளாகச் சொல்கிறான். உட்செவியில் அது செல்லம் கொஞ்சுவதுபோல வரும். அவளும் தினமும் அதற்குச் சிரிப்பாள். "சோம்பேறிப் பையா" என்பாள். இப்போது அந்தச் சொல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அவள் மேல் விழுந்தது. அது கொஞ்சுகிறவன் குரல் இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் குரல்.

தாரணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "என்ன கண்ணு ஆச்சு? என்னன்னு சொல்லு எங்கிட்ட! எனக்குப் பயமா இருக்குது!" அவள் குரல் கிறீச்சிட்டு உடைந்தது.

பெட்டிகளிலிருந்து ஒரு சிறிய, காய்ந்த சிரிப்பு வந்தது. "விளையாடாதம்மா. நீ சந்தோஷமா இருக்க, அது போதும். உன் குரலக் கேட்டாலே தெரியுது."

அப்போதுதான் யூசுப் சொன்னது அவளுக்கு விளங்கிற்று. அவன் காதில் உட்செவி இருக்கிறது. அவள் எவ்வளவு கத்தினாலும் அங்கே இனிமையாகத்தான் போய்ச் சேரும்.

"செழியா, உன்ற காதுல இருக்கறதக் கழட்டிட்டுப் பேசு. நான் அழுவறேன் கண்ணு, நெசமா அழுவறேன்."

"கழட்டிட்டா நீ பேசறதே கேக்காதேம்மா. சரி, நாளைக்குப் பேசறேன்."

இணைப்பு அறுந்தது. இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. எழுதி அனுப்பினாள். "நல்லா இருக்கேம்மா, தூங்கு" என்று பதில் வந்தது. எழுத்திலும் தொனி இல்லை. விடியும்வரை நாற்காலியிலேயே இருந்துவிட்டு, காலை முதல் விரைவு ரயிலில் சென்னைக்குக் கிளம்பினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சிறுசேரியில் செழியனின் குடியிருப்புக் கதவு, மணி பலமுறை அடித்த பிறகே திறந்தது. மகனை அவள் பல மாதங்களாக நேரில் பார்த்திருக்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தான் தப்பான துளையில் மாட்டியிருந்தது. அவன் பின்னால் திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டு அறையும், தரையில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலங்களும் தெரிந்தன.

"அட, அம்மா! என்ன திடீர்னு?"

"என்ன சாமி இப்படி ஆயிட்ட?" என்று அவள் அலறினாள்.

அவன் கண்ணில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. "எவ்ளோ சந்தோஷமா பேசற! ரயில்ல நல்லாத் தூங்குனியா?"

தாரணி அவனருகே போனாள். கூந்தலை ஒதுக்கித் தன் வெறுங்காதைக் காட்டினாள். பிறகு அவன் காதிலிருந்த பச்சைப் புள்ளியைத் தொட்டாள். அவன் பின்வாங்கினான். அவள் விரலை எடுக்கவில்லை. கடைசியில் அவனே நகத்தால் நெம்பி உட்செவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். குளிர்பெட்டியின் ஓட்டமும் கீழே சாலையின் இரைச்சலும் ஒரே சமயத்தில் உள்ளே வந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான்.

"நான் பேசறது கேக்குதா கண்ணு?"

செழியன் வெறுங்காதைத் தடவிக்கொண்டு ஓரடி கிட்டே வந்தான்.

"வீட்ல யாருமே இல்ல கண்ணு. உன்னைய விட்டா எனக்கு வேற ஆரு?"

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"என்னத்த?"

"இப்பச் சொன்னத. வீட்ல யாருமே இல்லன்னு."

அவள் சொன்னாள். 'கண்ணு' என்கிற இடத்தில் அவள் குரல் மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே பிளந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"இந்தக் குரல நான் கேட்டிருக்கேன்."

"என்ற குரல நீ கேக்காம?"

"இல்லம்மா, இப்படி இல்ல. ஆபீஸ்ல." அவன் பேசப் பேசத்தான் தாரணிக்கு அவன் வேலை என்னவென்று முதல்முறையாகத் தெரிந்தது. இன்தொனி தானாக எதையும் அறிந்துகொள்வதில்லை. எது கோபம், எது துயரம், எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஆட்கள்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக நாடு முழுவதும் நடக்கும் பேச்சுகளிலிருந்து பேர் ஊர் இல்லாத துண்டுகளை எடுத்து, சீர்செய்யாமல், பச்சையாகச் செழியனுக்கும் அவனைப்போன்றவர்களுக்கும் கொடுத்தார்கள். நாள் முழுக்க அவன் அழுகையும் ஏச்சும் கெஞ்சலும் கேட்டான். கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட்டான். வேலை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் அவனிடம் தேனாகப் பேசினார்கள். யாரிடமாவது "முடியல" என்றால் சிரித்தார்கள்.

"போன வருஷம் ஒரு துண்டு வந்துச்சும்மா. ஒரு அம்மா, வீட்ல யாருமே இல்ல கண்ணுன்னு சொல்றாங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. அதக் கேட்டு எனக்கு அன்னிக்குச் சாப்பாடே எறங்கல. 'தனிமை, உச்சம்'னு போட்டேன். ரொம்பத் தெளிவா இருக்குன்னு மேல எடுத்து மாதிரியா வெச்சுட்டாங்க. இப்ப எந்த அம்மா அந்த மாதிரி பேசினாலும், அத வெச்சுத்தான் கண்டுபிடிச்சு இனிப்பாக்குது."

போன வருடம் ஒரு நாள் கைபேசியில் அவனிடமே அவள் சொன்னதுதான் அது. "அப்ப, நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. நீன்னு தெரியல."

"எப்படிறா தெரியாமப் போகும்?" அவள் அவன் தோளில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "பெத்தவ குரல் எப்படிறா தெரியாமப் போகும்?"

"உங்குரல் இதில்லையே! எனக்குத் தெரிஞ்ச உங்குரல் சிரிச்சுட்டே இருக்கும்! மத்தவங்களுக்குத்தான் இன்தொனி வேணும், எங்கம்மா நெசமாவே அப்படித்தான்னு நெனச்சேன்." அவனும் கத்தினான். பழக்கமில்லாத தொண்டை கமறியது. "நானுந்தான் தெனமும் சொன்னேன். முடியலம்மா, முடியலம்மான்னு. நீ சிரிச்ச. ஒவ்வொரு நாளும் சிரிச்ச!"

"எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சறேன்னு நெனச்சேன்!"

"சாகலாம்னு இருந்தேம்மா. அதையும் உங்கிட்டச் சொன்னேன். போன வாரம்."

சொன்னான்தான். அவளுக்கு ஞாபகம் இருந்தது. வேலை ஜாஸ்தியென்று விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து, "அதுக்கு முன்னாடி ஒரு எட்டு ஊருக்கு வந்துட்டுப் போ" என்று சிரித்திருந்தாள். இப்போது அவளிடமிருந்து வந்தது பேச்சில்லை, ஓலம். அவன் தலையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான். இருவர் குரலும் அந்தச் சின்ன வீட்டின் சுவர்களில் மோதித் திரும்பின.

வாசல் மணி அடித்தது.

தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ஒரு மூடிபோட்ட கிண்ணத்துடன் நின்றாள். காதோரம் பச்சைப் புள்ளி. முகம் நிறையச் சிரிப்பு.

"நான் பக்கத்து வீடு ஆன்ட்டி, வெண்பா. செவுத்துக்கு இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ ஜாலியாப் பேசிட்டு இருந்தது கேட்டுச்சு. இந்த வீட்ல பேச்சுச் சத்தமே கேட்டதில்லையா, அதான் பாத்துட்டுப் போலாம்னு. பாயசம் செஞ்சேன். நாங்க எல்லாரும் நல்லாயிருக்கோம். வீட்ல எல்லாரும் ரொம்ப நல்லாயிருக்கோம்."

சொற்கள் அவ்வளவுதான். ஆனால் தாரணியின் வெறுங்காதில் விழுந்த குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது மேலே வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறவளின் குரல். இத்தனை வருடமாக அவளுடைய வீட்டிலும் இந்தக் குரலை யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. ஒருவேளை அவளே கேட்டிருக்கமாட்டாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று தாரணி கேட்டாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள் வெண்பா, இன்னும் மலர்ந்து.

வேறு எப்படிச் சொன்னாலும் அந்தக் காதுக்குள் போய்ச் சேரப்போவது தேன்தான் என்று தாரணிக்குத் தெரிந்தது. மேற்கொண்டு பேசாமல் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து உள்ளே இழுத்தாள். கை பனிக்கட்டிபோல் இருந்தது.

வெண்பா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கையை மட்டும் விடவில்லை.